கசட்டுக் குரல்களும் ஒரு யுஎஸ்பி செருகியும்



பழைய கசட்டுகளைக் கணினிக்கு ஏற்றுவது எப்படி என்று இந்த மாதம் மட்டும் ஏழெட்டுப் பேர் உள்பெட்டியில் கேட்டுவிட்டீர்கள். புத்தளத்தில் இருந்து, நீர்கொழும்பில் இருந்து, ஒருவர் லண்டனில் இருந்து. சுருக்கமான பதில் இதுதான்: ஓடுகிற ஒரு கசட் பிளேயர், ஒரு யுஎஸ்பி ஓடியோ கன்வேட்டர், லினக்ஸ் போட்ட ஒரு பழைய லப்டொப். வேறொன்றும் வேண்டாம்.

ஆனால் நான் வரலாறு படிப்பிக்கிறவன். சுருக்கமான பதில் எனக்குச் சரிவராது. விரல் நீளமான அந்தச் செருகி ஏன் டிரைவர் சீடி எதுவும் கேட்காமல் பத்து வருடப் பழைய லப்டொப்பில் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம்முடைய கசட்டுகளை ஏன் இந்த வருடமே ஏற்றிவிட வேண்டும் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன். பதிவு நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு இருங்கள்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் ஒரு கல்வெட்டு உண்டு. படகில் வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. எழுதப்பட்டது தமிழில். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை வாசித்துப் பதிப்பித்தார். சொல்வது இதுதான்: பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர்கள், ஊராத்துறைக்கு வர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் ஆளுக்குப் பாதி. அந்த ஊராத்துறைதான் இன்றைய நம்முடைய ஊர்காவற்றுறை.

எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கடலால் வந்த அந்நியனைக் காப்பாற்று என்ற கட்டளை கல்லில் வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைப் போ என்ற கட்டளை ஒலிபெருக்கியில் வந்தது.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருப் பக்கம் விடுதலைப் புலிகளின் வாகனங்கள் ஒலிபெருக்கியோடு வந்தன. வீட்டுக்கு ஒருவர் ஒஸ்மானியா கல்லூரிக்கு வர வேண்டும் என்றார்கள். அங்கே போனவர்களிடம் இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டது. கையில் கொண்டுபோக விட்டது சில நூறு ரூபாயும் உடுப்பும்தான். அந்த ஒக்டோபரில் வடமாகாணத்தில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். காணி உறுதிகள், கலியாணப் படங்கள், கடைக் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் வீடுகளிலேயே நின்றுவிட்டன.

இன்னொன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்களையும் ஒலிபெருக்கி வைத்துத்தான் ஊரை விட்டு எழுப்பினார்கள். செம்மணி வழியாக மழைக்குள் நடந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே திகதி, ஒரே விதமான அறிவிப்பு. அந்த ஒலிபெருக்கி என்ன சொன்னது என்பதற்கு இன்றைக்கு நம்மிடம் உள்ள சான்று, அதைக் காதால் கேட்டவர்களின் குரல்தான்.

அந்தக் குரல்கள் எங்கே இருக்கின்றன? பெரும்பகுதி கசட்டில்.

90களில் புத்தளம், கற்பிட்டி முகாம்களில் தென்னோலைக் கொட்டில்களுக்குள் இருந்தவர்கள் சரித்திரம் எழுதுகிறோம் என்று எண்ணி எதையும் பதியவில்லை. சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போன மகளுக்குத் தொலைபேசி எடுக்கக் காசில்லை. எழுதப் பலருக்கு வராது. அதனால் கசட்டில் பேசி, போகிற ஆளிடம் கொடுத்து அனுப்பினார்கள். அங்கிருந்தும் கசட் வரும். எங்கள் வீட்டில் அப்படி மிஞ்சியவை பதினொன்று. ஒன்றில் என் உம்மும்மா அரை மணித்தியாலம் பேசுகிறார். சாப்பாடு, சுகம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, விட்டுவந்த ஒழுங்கையில் இந்தப் பக்கம் யார் வீடு, அந்தப் பக்கம் யார் வீடு, எந்தக் கிணற்றில் உப்புத் தண்ணீர், எந்த மதிலில் பூவரசு என்று ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கேட்கிற மகளுக்கு அது தெரியாத விசயமா? தெரியும்தான். என்றாலும் சொல்கிறார். இன்று காணி எல்லை கேட்டு அலுவலகத்துக்கு அலுவலகம் நடக்கிறவர்களுக்கு அப்படி ஒரு கசட் எவ்வளவு பெறுமதி என்று நான் சொல்லத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்தவர்களிடமும் இதேபோலக் கசட்டுகள் உண்டு. மின்சாரம் இல்லை, பற்றறி தடைசெய்த பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. அந்தச் சக்கரத்தின் உறுமலும் சேர்ந்து பதிந்த கசட்டுகளைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அந்த உறுமலை மென்பொருள் வைத்து அழித்துவிடாதீர்கள். அதுவும் ஆவணம்தான்.

இனி கசட் என்ற பொருளுக்கு வருவோம். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் அதை வெளியிட்டது. பெல்ஜியத்தின் ஹசெல்ட் நகரத்தில் லூ ஒட்டென்ஸ் என்பவரின் தலைமையில் உருவானது. கோட்டுப் பொக்கற்றுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அவர் முதலில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி அளவு பார்த்தாராம். பிறகு ஒருநாள் காருக்கு டயர் மாற்றும்போது ஜாக்கிக்கு அண்டை கொடுத்து அந்தக் கட்டையையே தொலைத்துவிட்டார். நல்ல மனுசன்!

கசட் உலகத்தை வென்றது ஒலித்தரத்தால் இல்லை. நாடா நான்கு மில்லிமீற்றர் அகலம்கூட இல்லை, வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஊர்கிறது. பெரிய ஸ்பூல் இயந்திரங்களோடு ஒப்பிட்டால் அது விளையாட்டுச் சாமான். ஆனால் சோனி போன்ற நிறுவனங்கள் நெருக்கியபோது, 60களின் நடுவில் பிலிப்ஸ் அந்த வடிவத்தை மற்றவர்களுக்கு இலவசமாகவே விட்டுக்கொடுத்தது. எந்த நிறுவனமும் செய்யலாம், ஆனால் அளவு மாறக் கூடாது. அதனால்தான் ரியாத்தில் பதிந்த கசட் கற்பிட்டியில் பாடியது. யப்பான் பிளேயரில் சீனக் கசட் ஓடியது. அந்தப் பொது அளவு இல்லாவிட்டால் உம்மும்மாவின் குரல் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து மூடப்பட்டிருக்கும்.

யுஎஸ்பி செருகியின் கதையும் இதே தடத்தில் போகிறது.

90களில் கணினிக்குச் சத்தம் வேண்டுமென்றால் உள்ளே ஒரு சவுண்ட் கார்ட் பூட்ட வேண்டும். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு பாஷை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். அடுத்த வருடமே இன்னொரு பின்லாந்துக்காரர், ஹன்னு சவோலைனன், சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்கு டிரைவர் எழுதினார். அது வளர்ந்து ஓஎஸ்எஸ் என்ற பெயரில் லினக்ஸின் ஒலிவழியாக ஆனது. பிறகு அதன் மேம்பட்ட வடிவம் ஒரு கம்பனியின் விற்பனைச் சரக்காக மாற, எல்லோரும் பயன்படுத்திய இலவச வடிவம் பின்தங்கிப் போனது. அதற்கு மாற்றாக 1998இல் செக் நாட்டு யாரோஸ்லாவ் கைசெலா தொடங்கியதுதான் அல்சா. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6இல் அல்சாவே முதன்மை ஆகிவிட்டது. ஓஎஸ்எஸ் கம்பனி 2007இல் தன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அப்போது படகு குறிகட்டுவானைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருந்தது.

யுஎஸ்பி பக்கம் நடந்தது இன்னும் முக்கியம். 1998இல் யுஎஸ்பி ஓடியோ கிளாஸ் என்ற பொது விதி வெளியானது. நான் ஒரு ஒலிக்கருவி, எனக்கு இத்தனை உள்ளீடு இருக்கிறது, இந்த வேகத்தில் எண்கள் அனுப்புவேன் என்று செருகியே கணினியிடம் ஒரே பாஷையில் அறிமுகம் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. அந்தப் பாஷையைப் புரிந்துகொள்ளும் டிரைவர் ஒன்றைத் தகாஷி இவாய் என்பவர் அல்சாவுக்கு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு செருகிக்கும் ஒவ்வொன்று எழுதவில்லை. விதிக்கு ஒன்று எழுதினார். அதனால்தான் பெட்டியில் விண்டோஸ் என்று மட்டும் போட்டிருக்கிற மலிவுச் செருகியும், செய்த கம்பனியின் பெயரே தெரியாத செருகியும், லினக்ஸில் குத்தியவுடன் எழும்புகின்றன.

இப்போது செய்முறை. கட்டளைகளை உச்சரிப்பாகவே எழுதுகிறேன்.

முதலில் எந்தச் செருகி என்று பாருங்கள். சந்தையில் இரண்டு வகை. ஒன்று, மைக் துளையும் ஹெட்போன் துளையும் உள்ள சின்னக் குச்சி. இது தொலைபேசி பேசுவதற்கென்று செய்தது. மைக் துளை பெரும்பாலும் ஒற்றை வழிதான், அதுவும் மிக மெல்லிய ஒலியை எதிர்பார்க்கும் துளை. கசட் பிளேயரின் ஹெட்போன் ஒலியை அதற்குள் விட்டால் சத்தம் பிய்ந்துவிடும். பிளேயரில் ஒலியளவை நன்றாகக் குறைத்துத்தான் விட வேண்டும். மற்றது, சிவப்பும் வெள்ளையுமாக லைன்-இன் துளைகள் உள்ளது. பெரிங்கர் யூசிஏ202 போன்றவை இந்த வகை. கசட்டுக்கு இதுதான் பொருத்தம். காசு கொஞ்சம் கூட. பள்ளிவாசலோ வாசிகசாலையோ ஒன்று வாங்கி வைத்தால் ஊருக்கே போதும்.

செருகியைக் குத்திவிட்டு டெர்மினலில் ஏரெக்கோட் என்ற கட்டளையைச் சின்ன எல் எழுத்தோடு கொடுங்கள். பதிவு செய்யக்கூடிய கருவிகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் கார்ட் இலக்கமும் ஒரு பெயரும் இருக்கும். இலக்கத்தை நம்ப வேண்டாம். கணினி எழும்பும்போது எந்தக் கருவி முதலில் கண்ணில் படுகிறதோ அதைப் பொறுத்து இன்று 1, நாளை 2 என்று மாறலாம். பெயரைக் கொண்டு கூப்பிடுங்கள், அது மாறாது. ஊரிலும் அப்படித்தானே, வீட்டிலக்கம் கேட்டால் யாருக்குத் தெரியும்?

அடுத்தது அல்சாமிக்சர். எஃப்6 விசையை அழுத்திச் செருகியைத் தெரிவுசெய்து, எஃப்5 அழுத்தினால் எல்லாக் கட்டுப்பாடுகளும் தெரியும். அந்தச் சின்னக் குச்சி வகைகளில் ஓட்டோ கெயின் கன்ட்ரோல் என்று ஒன்று இருக்கும். அதை எம் விசையால் நிறுத்திவிடுங்கள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். அது என்ன செய்கிறது தெரியுமா? சத்தம் குறைந்தால் தானாக ஏற்றும், கூடினால் தானாக இறக்கும். தொலைபேசிக்கு நல்லது. ஆனால் வயதானவர்கள் பேசும்போது இடையில் நிறுத்துவார்கள், மூச்சு விடுவார்கள், அழுகையை விழுங்குவார்கள். அந்த மௌனத்தில் கருவி நாடாவின் இரைச்சலைத் தூக்கி மேலே கொண்டுவந்துவிடும். அவர் மறுபடி பேசத் தொடங்கும்போது முதல் சொல் வெடித்து வரும். எங்கே தயங்கினார் என்பது காதுக்கே தெரியாமல் போய்விடும். சரிசெய்த பிறகு அல்சாசிடிஎல் ஸ்டோர் கொடுத்தால் இந்த நிலை சேமிக்கப்படும்.

அல்சாவுக்கு மேலே இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஒரே நேரத்தில் பல மென்பொருள்கள் சத்தம் போடுவதை ஒழுங்குபடுத்த 2004இல் லெனார்ட் பொட்டெரிங் தொடங்கியது பல்ஸ்ஓடியோ. அதன் ஆரம்ப வருடங்களில் திட்டாத லினக்ஸ்காரர் இல்லை. இப்போது அதன் இடத்தில் விம் டைமன்ஸ் எழுதிய பைப்வயர் இருக்கிறது. ஃபெடோராவில் 2021இலும் உபுண்டுவில் 2022இலும் அதுவே இயல்பான ஒலிவழியாக வந்தது. உங்களுக்கு இதில் தேவையானது ஒன்றுதான்: பாவுகன்ட்ரோல் என்ற மென்பொருளைத் திறந்து, கடைசித் தாவலில் செருகிக்கு உள்ளீடு உள்ள புரொஃபைலைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு ஓடாசிட்டியில் பதியத் தொடங்கி, பாவுகன்ட்ரோலின் ரெக்கோடிங் தாவலில் மூலம் லப்டொப் மைக்கா செருகியா என்று பாருங்கள். லப்டொப் மைக்கில் இருந்தால் கசட்டோடு சேர்த்து உங்கள் வீட்டுக் கோழியும் பதிந்துவிடும்.

வேகம் 48,000, ஆழம் 16 பிட். ஒலி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஎஸ்ஏ குறைந்தது 24 பிட் கேட்கிறது. அந்த வசதி இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சாதாரணக் கசட்டில் பதிந்த பேச்சுக் குரலின் வீச்சு 16 பிட்டுக்குள் தாராளமாக அடங்கும். நாடா நமக்காகக் காத்திருக்காது. உப்புக்காற்றில் வைத்த கசட்டுகளில் பூஞ்சணம் பிடித்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒற்றை வழியில் 60 நிமிடக் கசட் ஒன்று சுமார் 345 மெகாபைட் வரும். இன்றைய பென் டிரைவுக்கு அது பெரிய விசயமில்லை. வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக வையுங்கள். ஃபிளாக் 2001 முதல் இருக்கும் திறந்த வடிவம். அளவைக் குறைத்தாலும் ஒலியில் எதையும் இழக்காது. எம்பி3 வட்ஸப்பில் அனுப்ப மட்டும்.

அளவுமானியில் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில் நிற்கட்டும். பூச்சியத்தைத் தொட்டால் அந்தச் சொல் திரும்பக் கிடைக்காது.

தீவிலிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதியும்போது லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். கசட் பிளேயரையும் பற்றறியிலேயே ஓடவிடுங்கள். சுவர் மின்சாரத்தில் இருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் முனகல் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் டீசல் ஜெனரேட்டர் மின்சாரத்தோடு காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இந்த இரண்டு தீவுக்கும் அனலைதீவுக்கும் சூரியசக்தியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அது முழுதாக வரும்வரைக்கும், வந்த பின்னும், பற்றறியே மேல்.

கசட்டைப் போடமுன் பின்விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் துண்டுகள் இரண்டையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கோட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். குரல் போர்வைக்குள் இருந்து வருவதுபோல மங்கலாக இருந்தால், ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியை ஓடும்போதே மெல்லத் திருப்புங்கள். சகர ஒலி தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் ஓடவிட வேண்டாம். ஹெட்டில் ஒட்டி அடுத்த கசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கோப்புக்கு பெயர் வைக்கும்போது பேசுகிறவர், ஊர், தெரிந்தால் வருடம், எந்தப் பக்கம் என்பதைச் சேருங்கள். கசட்டின் மட்டையில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். பேசுகிறவர் மௌத்தாகிவிட்டால் குடும்பத்தைக் கேட்காமல் எந்தப் பகுதியையும் வெளியில் போடாதீர்கள். கசட் கடிதத்தில் ஊர்க் கதை மட்டும் இருக்காது. கடன், கோபம், மகளிடம் மட்டும் சொன்ன விசயங்களும் இருக்கும். குடும்பம் சம்மதித்தால், 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்திடம் ஒரு பிரதி கொடுக்கலாம். எப்படியும் இரண்டு பிரதிகள் இரண்டு வேறு ஊர்களில் இருக்கட்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் இருந்தன.

அடுத்த பாடசாலை விடுமுறையில் பிளேயரும் லைன்-இன் செருகியும் என்னிடம் இருக்கும். புத்தளத்துக்கு வரும்போதும் கையோடு கொண்டுவருவேன், இன்ஷா அல்லாஹ். கசட் வைத்திருப்பவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். உங்கள் கண் முன்னாலேயே ஓடவிட்டு, கசட்டை உங்கள் கையிலேயே திருப்பித் தருவேன். 60 நிமிடக் கசட்டுக்கு 60 நிமிடம் எடுக்கும், வேகமாக ஓட்ட வழியில்லை. இருந்து கேட்க நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள்.